வேண்டாம் என்றபோதும் என்னைக் கேட்கவில்லை, பெற்றுக்கொள் என்கிறபோதும் கேட்கவில்லை

கஞ்சமலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணமக்களை வாழ்த்த மைக் பிடித்த ஒரு பெரியவர், "ரெண்டோட நிறுத்திடாதீங்க, நமக்கு எம்.பி. சீட்டு குறையப் போகுது" என்றார். மண்டபமே கைதட்டியது. என் அம்மா மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் சொன்னார்: "உன் தம்பி பிறந்த நாலாம் மாசம் நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனாங்க. அப்போ எனக்கு 23 வயசு. ரெண்டு போதும்னாங்க. இப்போ பத்தாதாமா?"

அம்மாவுக்கு அந்த ஆபரேஷனில் குறை எதுவும் இல்லை. ஆனால் "உனக்கு வேணுமா?" என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதை 30 வருஷத்துக்கும் மேல் மனசிலேயே வைத்திருந்திருக்கிறார்.

என் கதை அடுத்தது. 2019ல் இரண்டாவது பிரசவம், ஒரு அரசு மருத்துவமனையில் சிசேரியன். உள்ளே கொண்டுபோகும்போது, "இதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடலாமா?" என்றார்கள். "இப்போ வேண்டாம், யோசிக்கணும்" என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து அடிவயிற்று வலியும் நிற்காத உதிரப்போக்கும். வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் பார்த்தால், உள்ளே கருத்தடைக்கு வைக்கும் காப்பர் டி இருக்கிறது. பிரசவ மேஜையிலேயே வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எடுத்துவிடுங்கள் என்று திரும்பப் போனால் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

எத்தனை பிள்ளை என்பதில் அரசுக்கு என்ன வேலை? அல்லது வேலை இருக்கிறதா? இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றுதான் இந்த இழை.

வடகரை

மகளே, நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 1972ல் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் இன்னொரு பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்கு ஒன்பது பிரசவம். பிழைத்தது ஐந்து. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு எழுந்து நடக்க ஒரு வருஷம் ஆனது. "போதும்" என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. உலகிலேயே முதன்முதலாக 1952ல் ஒரு நாடு குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக எடுத்தது என்றால் அது நம் நாடுதான். குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தைச் சுவரில் எழுதியபோது எங்களுக்கு அது பெரிய நல்ல காரியமாகத்தான் இருந்தது. கிராமத்துப் பெண்கள் இருட்டிய பிறகு வந்து, மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை கேட்பார்கள். அரசு கொண்டுவந்து தராவிட்டால் அவர்களுக்கு வேறு யார் தந்திருப்பார்கள்?

இப்போது மற்றது. மாதம் இத்தனை கருத்தடை "கேஸ்" என்று கணக்கு வைத்தார்கள். ஆளுக்குப் பேர் கிடையாது, கேஸ். நெருக்கடி நிலைக் காலத்தில் கணக்கு ஏறிக்கொண்டே போனது. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க ஏறக்குறைய 82 லட்சம் பேருக்கு அறுவை சிகிச்சை. வடக்கே ஹரியானாவில் உத்தாவர் என்ற ஊரைப் போலீஸ் சூழ்ந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் மாதக் கடைசியில் ஒரு ஆள் குறைந்தது என்பதற்காக, 60 வயது தாண்டிய ஒரு உப்பளத் தொழிலாளியை நானே கூட்டிக்கொண்டு போனேன். பணம் கிடைக்கும் என்று சொன்னேன். அவருக்கு அது என்ன சிகிச்சை என்று முழுதாகப் புரிந்திருக்காது. அது தப்பு. இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது.

77 தேர்தலில் இந்திரா காந்தி ஆட்சி போனது. "குடும்பக் கட்டுப்பாடு" என்ற பெயரையே "குடும்ப நலம்" என்று மாற்றினார்கள். ஆண்கள் பக்கம் போக அதற்குப் பிறகு எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை. மொத்தப் பாரமும் பெண்கள் தலையில் இறங்கியது அப்போதுதான். உங்கள் தாயார் 23 வயதில் போய்ப் படுத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

மேற்குமலை

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் கல்யாணத்தில் மைக் பிடித்தவரைத் தவறாக நினைக்காதீர்கள். அவருடைய பயம் நியாயமானது.

எந்த மாநிலத்துக்கு எத்தனை மக்களவைத் தொகுதி என்பது இன்றைக்கும் 1971 மக்கள்தொகைக் கணக்கில்தான் நிற்கிறது. 1976ல் அரசமைப்பின் 42ஆவது திருத்தம் அதை 2001 வரை நிறுத்தி வைத்தது. பிறகு 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மக்கள்தொகையைக் குறைத்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதுதான் காரணம். நாம் குறைத்தோம். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 1.4. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்ய 2.1 வேண்டும். இப்போது தலை எண்ணித் தொகுதி பிரித்தால் நம் 39 இடங்களின் எடை குறையும். அதனால்தான் 2024 அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின் "பதினாறும் பெற்று" வாழ்த்தை நினைவுபடுத்திப் பேசினார், 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற வேண்டும் என்றார். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதையே சொன்னார். இரண்டு பிள்ளைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற 30 வருஷத் தடையையே 2024ல் அங்கே நீக்கிவிட்டார்கள்.

சீட்டு போகட்டும். முதியவர்களை யார் பார்ப்பது, வரி யார் கட்டுவது? இது அரசின் கவலை இல்லையா?

கஞ்சமலை

சகோதரா, கவலை நியாயம்தான், மறுக்கவில்லை. நாம் ஏமாற்றப்படுகிறோம் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கைத் தில்லியில், நாடாளுமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டும். என் கர்ப்பப்பையில் தீர்க்க முடியாது. இன்றைக்குப் பிறக்கும் பிள்ளை ஓட்டுப் போட 18 வருஷம் ஆகும். தொகுதி மறுவரையறை அதற்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, பதினாறு என்பது பிள்ளைகளே இல்லை. கல்வி, புகழ், நோயின்மை, நல்ல துணை என்று பதினாறு பேறுகள். நன்மக்கட்பேறு அதில் ஒன்று மட்டும்.

நூல்கண்டு

நான் திருப்பூர். பனியன் கம்பெனில ஓவர்லாக் மெஷின்ல தைக்கிறேன், பீஸ் ரேட், தைச்ச பீஸுக்குத்தான் கூலி. மூணாவது பிள்ளை பெறச் சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். முதல் பிள்ளைக்கு ஏழாம் மாசம் வரைக்கும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன். பிரசவத்துக்கு நின்ன நாளில் இருந்து சம்பளம் கிடையாது, ஏன்னா நான் கம்பெனி ஆள் இல்ல, கான்ட்ராக்டர் ஆள். 26 வாரம் லீவுன்னு சட்டம் இருக்குன்னு பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுது. திரும்பிப் போனப்போ என் மெஷின்ல வேற பொண்ணு. ரெண்டாவதுக்கு அப்புறம் நானே போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல. ஆனா கட்டாயப்படுத்தலன்னு முழு மனசோட சொல்லவும் முடியல.

முல்லைவனம்

நான் செவிலியர். 14 வருஷமாகப் பிரசவ வார்டு. நூல்கண்டு சொன்ன கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வார்டில் நான் பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் நிலை அதுதான்.

கஞ்சமலை அக்கா, உங்களுக்கு நடந்தது தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆனால் எப்படி நடக்கிறது என்பதையும் சொன்னால்தான் மாற்ற முடியும். 1996ல் மத்திய அரசு இலக்குக் கணக்கை எடுத்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் இலக்கு இல்லை. "எதிர்பார்ப்பு" என்று வேறு பெயரில் வருகிறது. மாதாந்திரக் கூட்டத்தில் எந்த ஊரில் கு.க. (குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன்) குறைந்தது, எங்கே காப்பர் டி குறைந்தது என்று வாசிப்பார்கள். குறைந்த ஊர்ச் செவிலியர் எழுந்து நிற்க வேண்டும். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் ஒரு வரி கேட்டு, அவள் "ம்" என்றால் சம்மதம் என்று எழுதிவிடுகிறோம். அது சம்மதமே இல்லை. ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும்போது, வலி எதுவும் இல்லாத நேரத்தில், நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். சில டாக்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வார்டுகளில் இந்தப் புகார் வருவதில்லை.

ஆண்கள் விஷயம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) இந்தியா முழுக்க கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம். மனைவிக்குப் பதிலாகத் தான் செய்துகொண்ட ஆண்கள் 0.3. தமிழ்நாட்டில் பெண்கள் பாதிக்கும் மேல், ஆண்கள் ஆயிரத்தில் ஒருவர் தேறினால் பெரிது. தழும்பில்லாத ஆண் கருத்தடை 10, 15 நிமிடத்தில் முடியும். கத்தி கிடையாது, தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். அரசு தரும் ஊக்கத்தொகையும் பெண்ணுக்குத் தருவதைவிட அதிகம். வரமாட்டார்கள். "உழைக்கிற உடம்பு" என்பார் மாமியார். வயலில் குனிந்து களை எடுக்கிற மருமகளின் உடம்பு உழைக்காத உடம்பா?

கருத்தடை முகாம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில், மூடிக்கிடந்த ஒரு கட்டடத்தில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அந்த நாட்களில் நடந்த முகாம்களில் 13 பெண்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான், 2016ல் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுக்குள் முகாம் முறையையே நிறுத்தச் சொன்னது. ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும்போதெல்லாம் அந்த எண் எனக்கு ஞாபகம் வரும், 83.

நெய்தல்

வழக்கறிஞர் என்ற முறையில் சில விஷயங்களை மட்டும் தெளிவாக்குகிறேன், ஏனென்றால் "வீட்டுக்காரர் வந்திருக்காரா" என்ற கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

18 வயது நிரம்பிய பெண்ணின் கருவைக் கலைக்க அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். 1971ல் வந்த கருக்கலைப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கணவர் கையெழுத்து, மாமியார் கையெழுத்து என்று அதில் ஒரு வரிகூட இல்லை. காப்பர் டி எடுப்பதற்கும் கணவர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. 50 வருஷத்துக்கு மேலாகியும் கவுண்டரில் கேட்கிறார்கள், நாமும் போய் நிற்கிறோம்.

2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில பிரிவுப் பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள். 24க்கு மேல், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு. "கணவர்" என்று இருந்த இடத்தில் "துணைவர்" என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம், 24 வார வரம்பில் திருமணமான பெண், ஆகாத பெண் என்று பிரிக்கக் கூடாது என்றது. கணவனின் வன்புணர்வால் உண்டான கர்ப்பத்தையும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்புணர்வாகவே கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. இனப்பெருக்கத் தேர்வு அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009லேயே சொல்லியாகிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை தரவில்லை. கருக்கலைப்பு இன்றைக்கும் தண்டனைச் சட்டத்தில் குற்றம்தான். இந்த நிபந்தனைகளுக்குள் செய்யும் மருத்துவருக்கு விலக்கு தருகிறது, அவ்வளவுதான். முடிவெடுக்கும் அதிகாரம் கடைசியில் மருத்துவர் கையில். அவர் பயந்தால் அதோடு முடிந்தது.

மேற்குமலைக்கு ஒரு பதில். மூன்றாவது பெறச் சொல்லும் அதே மாநில அரசு, தன் ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பை இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தி வைத்திருந்தது. முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் பெற்று, மறுமணத்தில் ஒரு பிள்ளை பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே 23ல், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் ஒரு பகுதி என்று தீர்ப்பு வாங்கினார். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு தரும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவியும் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிள்ளையோடு வரும் ஏழைத் தாய் வெறும் கையோடு போக வேண்டும்.

குழித்துறை

எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு, கோபப்படாமல் படியுங்கள். நான் கத்தோலிக்கன். கருவான நாள் முதல் அது ஒரு உயிர் என்று நம்புகிறேன். கருக்கலைப்பை உரிமை என்று சொல்ல என் மனம் ஒப்பாது.

இது வெறும் வேதப் பேச்சு இல்லை. என் அக்கா மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். ஸ்கேனில் தெரிந்ததும், "கலைச்சிடுங்க, எதுக்கு வாழ்நாள் பூரா கஷ்டம்" என்று அக்காவை நெருக்கினார்கள். மூன்று தடவை கூப்பிட்டுப் பேசினார்கள். அக்கா மறுத்தார். பையனுக்கு இப்போது 11 வயது, கோவிலில் மணி அடிக்கிறான். 24 வாரத்துக்கு மேல் மற்றவர்களுக்கு மூடிய கதவைக் குறைபாடு உள்ள கருவுக்கு மட்டும் திறந்து வைப்பது என்ன நியாயம்? எந்த உயிர் வேண்டும், எது வேண்டாம் என்று அரசு தரம் பிரிப்பதாகாதா?

நெய்தல்

குழித்துறை அண்ணா, கோபம் இல்லை. குறைபாட்டை மட்டும் தனியாக வைத்திருப்பது பற்றி மாற்றுத்திறனாளி அமைப்புகளும் இதே கேள்வியைக் கேட்கின்றன. உங்கள் அக்காவை நெருக்கியது தவறு. அவருடைய "இல்லை" எவ்வளவு மதிப்புள்ளதோ, இன்னொரு பெண்ணின் "முடியாது" அவ்வளவு மதிப்புள்ளது என்பதுதான் என் வாதம்.

2023 அக்டோபரில் ஒரு வழக்கு. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளின் தாய், முந்தைய பிரசவத்துக்குப் பிறகு வந்த மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு வராததால் கர்ப்பம் என்றே தாமதமாகத்தான் தெரிந்தது. உச்ச நீதிமன்றம் முதலில் அனுமதித்தது, பிறகு இரண்டு பெண் நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள், கடைசியில் 26 வாரம் தாண்டிவிட்டது என்று மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். செலவை அரசு பார்த்துக்கொள்ளும், வேண்டுமானால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாம் என்றார்கள். பெற்றுக் கொடுக்கும் அந்த உடம்பையும் மனசையும் யார் பார்த்துக்கொள்வது?

ஒற்றைப்பனை

நெய்தல் அக்கா, திருமணம் ஆகாத பெண் என்று பிரிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்ததென்னவோ உண்மை. 2023ல் என் ஹாஸ்டல் தோழிக்காக நான் கூடவே அலைந்தேன், சென்னையில். அவளுக்கு 22 வயது, திருமணம் ஆகவில்லை, எட்டு வாரக் கர்ப்பம். முதல் கிளினிக்கில் கழுத்தைப் பார்த்தார்கள். இரண்டாவதில் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். மூன்றாவதில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று மடங்கு பணம் கேட்டார்கள். டாக்டர் சீட்டு கையில் இருந்தும் மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை இல்லை, "நாங்க வைக்கிறதில்ல, டிரக் இன்ஸ்பெக்டர் தொல்லை" என்றார்கள். நாலாவது இடத்தில் ஒரு வயதான பெண் டாக்டர் அவள் பெயரையும் வயதையும் மட்டும் கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தோழி அங்கேதான் முதன்முதலாக அழுதாள்.

வடகரை

இந்தச் சின்னப் பெண் எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கர்ப்பத்தடை பற்றி இங்கே பேச்சு வந்துவிட்டது. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காக, சொத்து பங்காகாமல் இருப்பதற்காக, தாயின் உடல்நலத்துக்காக என்று பேசினார்கள். பெரியார் மட்டும், நாங்கள் அதற்காகச் சொல்லவில்லை, பெண்ணின் விடுதலைக்காகச் சொல்கிறோம் என்றார். நான் சேர்ந்த இலாகா முதல் மூன்று காரணங்களையும் எடுத்துக்கொண்டது. நாலாவதை எங்கள் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் அந்த உப்பளக்காரரிடமும் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

மேற்குமலை

இரண்டு நாளாக யோசித்தேன். தொகுதி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, தமிழ்நாட்டுக்கு அநியாயம் நடக்கக் கூடாது. ஆனால் நூல்கண்டு எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் மில்லிலும் கான்ட்ராக்ட் பெண்கள்தான் அதிகம். மாசமாக இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த மாதம் சூப்பர்வைசர் பட்டியலில் பெயர் இருக்காது. பிள்ளை பெறச் சொல்வதற்கு முன் அந்தப் பட்டியலைப் பற்றி நான் வாய் திறந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அலுவலகத்தில் பேசப் போகிறேன்.

கஞ்சமலை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பழைய டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுத்தேன். பின்பக்க மூலையில், பி.பி.ஐ.யு.சி.டி. (பிரசவத்தோடு வைக்கும் காப்பர் டி) என்று பேனாவில் கிறுக்கி, தேதி போட்டிருக்கிறது. இத்தனை நாளும் ஏதோ ஊசி என்று நினைத்திருந்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெளியே ஏழெட்டுப் பேப்பர் நீட்டினாங்க, எல்லாத்துலயும் போட்டேன். எதுன்னு கேட்கல" என்றார். நான் மயக்கத்தில் இருந்தபோது என் உடம்புக்கு இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அரசு இவரிடம் கேட்டது, இவர் படிக்கவில்லை, என்னிடம் இருவருமே சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

காலையில் அவரே கேட்டார்: அந்த ஆண் ஆபரேஷனுக்கு எங்கே போக வேண்டும் என்று. அத்தைக்கு இன்னும் சொல்லவில்லை. முல்லைவனம், எந்தக் கிழமை வரச் சொல்லட்டும்?

முல்லைவனம்

அக்கா, முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், எந்த மருத்துவமனையில் எந்த நாள் செய்கிறார்கள் என்று சொல்வார்கள். அண்ணன் ஆதார் எடுத்துவரட்டும். சம்மதப் படிவத்தை அவரே வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், புரியாத வரியை டாக்டரிடம் கேட்கட்டும். இரண்டு நாள் ஓய்வு வேண்டும், ஒரு வாரம் பளு தூக்கக் கூடாது. முக்கியமானது, செய்த அன்றைக்கே பலன் வராது. மூன்று மாதம் வரை வேறு தடுப்பு முறை வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தால்தான் அந்தத் தடுப்பு முறையை விடலாம்.